மகளை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பலாமா? பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் நகரைச் சேர்ந்த தாயார் ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் மலேசிய இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் ஆறு பாடங்களில் ஏ பெற்றிருக்கிறார் என்பதையும், அவற்றில் தமிழும் ஒன்று என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். நான்காம் படிவத்தில் தமிழை எடுத்தால் ஏ எண்ணிக்கை குறைந்துவிடும் என்று பலர் சொல்லியும் நீங்கள் அந்தப் பாடத்தைக் கைவிட விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த முடிவுதான் இன்று அவருக்குத் தமிழாசிரியர் பயிற்சிக்கான வழியைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் வகுப்பு நேரம் ஒத்துவரவில்லை என்றோ புள்ளி குறையும் என்றோ தமிழை விட்டுவிடும் பிள்ளைகள் பின்னாளில் தமிழ்ப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வரும்போது அவர்களுக்காகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. இளைய பிள்ளை யாராவது படிவம் மூன்றில் இருந்தால் இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மக்தாப்பில், அதாவது ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்ப்பதா, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான படிவம் ஆறு படிக்கவைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா என்பது உங்கள் கேள்வி. அதற்கு விடை காண்பதற்கு முன், எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்புகிறார் என்பதை உங்கள் மகளிடம் கேளுங்கள். பென்சிலைத் தொலைத்துவிட்டு அழும் ஏழு வயதுக் குழந்தையிடம் பொறுமையாக இருக்கக்கூடியவரா, அல்லது பதினாறு வயது மாணவரிடம் இலக்கணத்தையும் கவிதையையும் விவாதிப்பதில் மகிழ்ச்சி காண்பவரா என்பது தெளிவானால், எந்த வழி என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். ஏனெனில் ஆசிரியர் கல்விக் கழகங்கள் தொடக்கப்பள்ளிக்கான ஆசிரியர்களை உருவாக்குகின்றன. இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் பட்டப்படிப்பு வழியாக வருகிறார்கள். பெற்றோர் பலர் கட்டணத்தையும் தொலைவையும் முதலில் கணக்கிட்டு, இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தொடக்கப்பள்ளிதான் என்று அவர் முடிவெடுத்தால், நீங்கள் மக்தாப் என்று குறிப்பிடும் ஆசிரியர் கல்விக் கழகமே நேரான வழி. நாடு முழுவதும் அதற்கு 27 வளாகங்கள் உள்ளன. பினாங்குத் தீவில் ஒன்றும், புக்கிட் மெர்தாஜம் பகுதியில் துவாங்கு பைனூன் வளாகமும் இருப்பதால், பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று நம்பிவிட வேண்டாம். எந்தப் பிரிவு எந்த வளாகத்தில் நடத்தப்படும் என்பதை அமைச்சுதான் முடிவு செய்கிறது, பயிற்சியாளர்கள் பொதுவாக விடுதியில் தங்கியே படிக்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்தவர்கள் ஓராண்டு ஆயத்தப் படிப்பை முடித்து, அதன்பின் நான்காண்டு இளங்கலைக் கல்விப் பட்டப்படிப்பைத் தொடர வேண்டும். குறைந்தது ஐந்து ஏ, மலாய்மொழியிலும் வரலாற்றிலும் நன்மதிப்புத் தேர்ச்சி, 20 வயதைத் தாண்டாத வயது வரம்பு ஆகியவை அடிப்படைத் தகுதிகள். தேர்ந்தெடுக்கும் பிரிவுக்கேற்பக் கூடுதல் நிபந்தனைகளும் உண்டு. தமிழ்மொழி மட்டுமன்றி, தமிழ்ப்பள்ளிகளுக்கான கணிதம், அறிவியல் ஆகிய பிரிவுகளும் இருப்பதால், உங்கள் மகளுக்குக் கணிதத்திலும் ஏ இருந்தால் தமிழை மட்டுமே எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே பலர் தவறவிடும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இந்தக் கழகங்களுக்கான விண்ணப்பம், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூ.பி.யூ.வில் அடங்காது, கல்வி அமைச்சின் தனி இணையவாசலில் தனியாக, அதற்குரிய காலக்கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். யூ.பி.யூ. பாரத்தை நிரப்பிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்த குடும்பங்கள், அறிவிப்பு வந்த பிறகு என்னிடம் ஓடி வந்திருக்கின்றன. விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் தகுதித் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடைபெறும். புள்ளி நிறைந்த மாணவர்கள் தடுமாறுவது நேர்முகத் தேர்வில்தான். வீட்டிலும் பள்ளியிலும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே பேசிப் பழகிய பிள்ளை, ஏன் ஆசிரியராக விரும்புகிறாய் என்று மலாய்மொழியில் கேட்கப்பட்டால், ஐந்து நிமிடம் தடையின்றிப் பேச முடியாமல் போகிறது. இந்த வாரத்திலிருந்தே தினமும் இரவு உணவுக்குப் பின், பள்ளி தொடர்பான ஒரு செய்தியைப் பற்றி மலாயிலும் பின்னர் தூய தமிழிலும் பேசச் சொல்லுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்ட பின் வகுப்புசார் மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பது போன்ற கேள்விகளுக்கு மனப்பாடம் செய்த விடை உதவாது. சொந்தமாக ஒரு கருத்து இருக்க வேண்டும்.

பயிற்சியின் கடினமான பகுதி செய்திறன் பயிற்சிக் காலம். பயிற்சியாளர் ஓர் உண்மையான வகுப்பில் நிற்பார். பின் வரிசை நாற்காலியில் விரிவுரையாளர் மதிப்பீட்டுப் பாரத்துடன் அமர்ந்திருப்பார். முந்தைய இரவு நெடுநேரம் விழித்து எழுதிய நாள் பாடத்திட்டத்தில் ஐந்து நிமிடம் என்று குறித்திருந்த பீடிகை, ஒரு சிறுவன் கேட்ட கேள்வியால் பதினைந்து நிமிடமாக நீளும். அதைச் சமாளித்துப் பாடத்தை முடிக்கக் கற்றுக்கொள்வதுதான் அங்கே நடக்கும் உண்மையான படிப்பு. ஆகவே, பதிவு செய்வதற்கு முன் விடுமுறையில் அருகிலுள்ள பாலர் பள்ளியிலோ, கோவிலில் நடக்கும் சமய வகுப்பிலோ உங்கள் மகள் சில வாரம் உதவியாளராக இருந்து பார்க்கட்டும். அதில் சலிப்பு ஏற்பட்டால், ஐந்தாண்டு கழித்து அறிவதைவிட இப்போதே அறிவது மேல்.

இடைநிலைப்பள்ளியை அவர் விரும்பினால், படிவம் ஆறில் தமிழையும் ஒரு பாடமாக எடுத்து, அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதுவது நல்ல தொடக்கம். அதன்பின் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வியியல் பட்டம் படிக்கலாம். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அது. பல்கலைக்கழகக் கல்வியியல் படிப்புகளுக்கு மூயெட் ஆங்கிலத் தேர்வும், மெட்சி எனப்படும் ஆசிரியர் மனப்பாங்குத் தேர்வும் உண்டு. வேறு துறையில் பட்டம் பெற்றபின் முதுநிலைக் கல்வி டிப்ளோமா வழியாக ஆசிரியராவதும் நடைமுறையில் உள்ளது; ஆனால் அதற்கான வாய்ப்பு ஆண்டுதோறும் ஒரே அளவில் திறப்பதில்லை என்பதால், அதையே முதல் திட்டமாக வைத்துக்கொள்வதை நான் ஊக்குவிப்பதில்லை. தனியார் கல்லூரிகளின் கல்வியியல் பட்டங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பட்டம் தகுதியுடையதாக இருக்கலாம். ஆனால் அரசுப் பள்ளியில் நியமனத்தை அது உறுதி செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பட்டதாரி ஆசிரியரின் தொடக்கச் சம்பளத் தரம் முன்பு டி.ஜி. 41 என இருந்து, 2024 டிசம்பர் முதல் புதிய முறையில் டி.ஜி. 9 ஆகியிருக்கிறது, படிப்படியான உயர்வும் அரசு ஊழியருக்குரிய சலுகைகளும் உண்டு. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். புறப்பாட நடவடிக்கை, மதிப்பீட்டுப் பதிவுகள், பெற்றோர் சந்திப்பு, கூடுதல் வகுப்பு என்று நாள் நீளும்.

எங்கே அனுப்புவார்கள் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. நியமனத்தைக் கல்விச் சேவை ஆணையம் செய்கிறது. பணியிடம் காலியிடத்தைப் பொறுத்தது. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகளே உள்ளன; தீபகற்பம் முழுவதும் 500க்கும் மேற்பட்டவை. ஜொகூரிலோ பகாங்கிலோ, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட ஒரு தோட்டப்பள்ளியில் முதல் சில ஆண்டுகள் கழியக்கூடும். மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கும் மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கவும் நேரும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: பெரிய பள்ளியில் பத்தாண்டு பணிபுரிந்தாலும் கிடைக்காத பொறுப்புகள் அங்கே இளம் ஆசிரியரிடம் வந்து சேரும். இதற்கு மகள் தயாராக இருக்கிறாரா என்பதைவிட, தந்தையார் தயாராக இருக்கிறாரா என்பதைத்தான் நான் அதிகமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பயிற்சியில் சேரும்போது கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தை வீட்டில் இருவரும் அமர்ந்து முழுமையாக வாசியுங்கள்; பாதியில் விலகினால் என்ன செலுத்த வேண்டும், படிப்பை முடித்தபின் எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற இரண்டு பகுதிகளையும் மகள் வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். விளங்காத வரி இருந்தால், கையெழுத்திடுவதற்கு முன் எனக்கு அனுப்பி வையுங்கள்.