ஐபோன் படத்தை 50 கேபி ஜேபெக்காக மாற்றுவது எப்படி?

கேள்வி: மகளின் தேர்வு விண்ணப்பத்துக்கு 200×230 பிக்சல் அளவில், 20 முதல் 50 கேபிக்குள் ஜேபெக் படம் கேட்கிறார்கள். ஐபோனில் எடுத்த படத்தின் பெயரில், கடைசியில் இருந்ததை ஜேபிஜி (ஜேபெக்கின் சுருக்கம்) என்று மாற்றி ஏற்றிப் பார்த்தேன், ஏற்கவில்லை. பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் மாற்றிக் கொடுத்த படம் மங்கலாக இருக்கிறது. பிஎன்ஜி என்ற பட வடிவில் இருந்த கையெழுத்தோ முழுக்கக் கறுப்பாகிவிட்டது. இலவச மென்பொருளைக் கொண்டு நானே செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: தாராளமாகச் செய்யலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் ஜிம்ப் என்ற கட்டற்ற இலவச மென்பொருள் ஒன்றே உங்கள் மூன்று சிக்கல்களுக்கும் போதும். மகளின் முகமும் கையெழுத்தும் அடங்கிய கோப்புகளை, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இணையதளங்களில் ஏற்றி மாற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயரை மாற்றியும் படம் ஏற்கப்படாததற்குக் காரணம் எளிது. மூட்டையின் மேலுள்ள சீட்டை மாற்றி ஒட்டினால் உள்ளே இருக்கும் அரிசி மாறுவதில்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கின்றன; பெயரில் எதை எழுதினாலும், கோப்பின் தொடக்கத்தில் உள்ள பைட்டுகள் அது எந்த வடிவம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இனி எடுக்கும் படங்களாவது நேரடியாக ஜேபெக்காக வர வேண்டுமானால், ஐபோனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்துவிடுங்கள்.

மங்கலான படத்துக்கு வருவோம். ஜேபெக் என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டுச் சேமிக்கும் முறை. கழித்தது திரும்ப வராது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே சுருக்குவதால், அளவுக்கு மீறிச் சுருக்கிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கன்னத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகளும், கையெழுத்துக் கோட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தாற்போலச் சாம்பல் புள்ளிகளும் தெரியும். 4032×3024 பிக்சல் கொண்ட ஐபோன் படத்தில் ஏறத்தாழ 1.2 கோடி பிக்சல்கள் உள்ளன; அவ்வளவையும் வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்து 50 கேபிக்குள் அடக்க முயன்றால் படம் சிதைந்துதான் போகும். ஆனால் 200×230 என்பது வெறும் 46,000 பிக்சல். 50 கேபியோ 51,200 பைட். ஒரு பிக்சலுக்கு ஒரு பைட்டுக்கும் மேல் இடம் இருக்கிறது என்றால், முகம் தெளிவாக இருக்க அது தாராளம். ஆகவே முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும், தரத்தில் கைவைப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஜிம்பில் மூல ஹெச்இஐசி கோப்பையே திறந்து, வெட்டும் கருவியில் விகிதத்தை 200:230 என்று நிலைப்படுத்தி, முகமும் தோளும் அடங்குமாறு வெட்டுங்கள். இப்படி வெட்டாமல் அளவை மட்டும் திணித்தால் முகம் நசுங்கிவிடும். பிறகு 'இமேஜ்' பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' வழியாக அகலம் 200, உயரம் 230 என்று கொடுங்கள். ஜிம்பின் 'சேவ்' தன்னுடைய எக்ஸ்சிஎஃப் வடிவில் மட்டுமே சேமிக்கும்; முதன்முறை பயன்படுத்துவோர் பலர் தடுமாறும் இடம் இது. 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'எக்ஸ்போர்ட் ஆஸ்' மூலம் ஜேபிஜி என்று முடியும் பெயரைக் கொடுத்தால், தரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி வரும். அதில் முன்னோட்டத்தைத் தேர்ந்தால் கோப்பின் அளவு கேபியில் உடனுக்குடன் தெரியும். 90இல் தொடங்குங்கள், 20 கேபிக்குக் கீழே போனால் கூட்டுங்கள், 50ஐத் தாண்டினால் சற்றுக் குறையுங்கள். அதே பெட்டியில், படத்தோடு சேர்ந்து பதிவாகும் விவரங்களான எக்ஸிஃப் தகவலைச் சேமிக்கும் குறியை நீக்கிவிடுங்கள்; படம் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் அதில் இருக்கக்கூடும், விண்ணப்பத்துக்கு அவை தேவையில்லை.

கையெழுத்து கறுப்பானதற்குக் காரணம், அந்த பிஎன்ஜி படத்தின் பின்னணி வெள்ளையாக இல்லாமல் ஒளிபுகுவதாக இருந்திருக்க வேண்டும். ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே இல்லை. அந்த வெற்றிடத்தை மென்பொருள் ஏதேனும் ஒரு நிறத்தால் நிரப்பியாக வேண்டும். அங்கே கறுப்பு நிரம்பியதால் கறுப்பு மையில் போட்ட கையெழுத்து அதற்குள் மறைந்துவிட்டது. ஜிம்பில் பின்னணி நிறத்தை வெள்ளையாக வைத்து, 'இமேஜ்' பட்டியலில் 'ஃபிளாட்டன் இமேஜ்' கொடுத்த பிறகு எக்ஸ்போர்ட் செய்தால் வெள்ளைத்தாளில் போட்டதுபோலவே வரும்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்த ஜேபெக்கை மேலும் திருத்த முயல வேண்டாம். ஒவ்வொரு முறை மறுபடி சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் நுணுக்கம் போகும். போனில் இருக்கும் மூலப் படத்தையும் பிஎன்ஜி கையெழுத்தையும் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த விண்ணப்பம் வேறு அளவைக் கேட்டாலும் அவற்றிலிருந்தே புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.