இரண்டு போனும் ஒரு டேபிள் ஃபேனும்

அன்புள்ள ஐயா,

கலந்துபோன ஒலிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஐசிஏ (independent component analysis) என்ற கணக்குமுறை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஹாலில் இரண்டு மூலைகளில் இரண்டு போன் வைத்து அம்மா பாடுவதைப் பதிவு செய்தேன். டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஐசிஏ செய்யும் ஃபாஸ்ட்ஐசிஏ என்ற புரோகிராமில் போட்டால் இரண்டு வெளியீட்டிலும் பாட்டும் ஃபேனும் சேர்ந்தே கேட்கின்றன. எங்கே தப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் புரோகிராமைச் சந்தேகப்பட வேண்டாம். தப்பு ஹாலில் இருக்கிறது.

ஐசிஏ-வின் கணக்கு ரொம்ப எளிமையானது. முதல் மைக்கில் 0.8 பங்கு பாட்டு, 0.3 பங்கு ஃபேன், இரண்டாவதில் 0.4 பங்கு பாட்டு, 0.9 பங்கு ஃபேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு எண்கள்தான் கலப்பு அணி (mixing matrix). அவை மாறுவதில்லை. இரண்டு ஒலியும் இரண்டு மைக்கையும் ஒரே கணத்தில் அடைகின்றன என்பது சொல்லாமல் விட்ட நிபந்தனை.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஒரு போன் அம்மாவிடமிருந்து ஒரு மீட்டர் கூடுதலாகத் தள்ளியிருந்தால், பாட்டு அங்கே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் பிந்தி வரும். நொடிக்கு 16,000 மாதிரி (sample) எடுத்தால் அது 47 மாதிரி. அப்புறம் சுவரில் பட்டுத் திரும்புவது வேறு. ஓர் எண் இருந்த இடத்தில் தாமதங்களும் எதிரொலிகளும் அடங்கிய ஒரு முழு ஃபில்டரே வந்து உட்கார்ந்துவிடுகிறது. போதாததற்கு இரண்டு போனின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாது.

இதே கணக்கு, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி-யில் அழகாகப் பொருந்தும். கண் சிமிட்டும்போது எழும் மின்னழுத்தம் தலையிலுள்ள எல்லா மின்முனைகளுக்கும் தாமதமே இல்லாமல் போய்ச் சேர்கிறது. அதனால் சிமிட்டல் தனிக் கூறாகக் கழன்று வந்துவிடும்: நெற்றிப் பக்கம் வலுவாக, சிமிட்டலுக்கு ஒரு மேடாக. 1990-களின் நடுவிலிருந்தே இப்படிச் செய்கிறார்கள்.

ஃபேன் இரைச்சல் காஸியன் (மணி வடிவப் பரவல் கொண்டது) ஆயிற்றே, ஐசிஏ-வால் பிரிக்க முடியாதே என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஒன்று மட்டும் காஸியனாக இருந்தால் பரவாயில்லை. ஐசிஏ-வுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான பியர் கோமோன் 1994-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டார். இரண்டு ஃபேனை வைத்துப் பிரிக்கப் பார்த்தால்தான் சிக்கல். ஒரு மைக்கின் அளவுக்கு எதிராக இன்னொன்றின் அளவைப் புள்ளிகளாக வரைந்து, பரவலை எல்லாத் திசையிலும் சமப்படுத்தி, பிறகு சரியான கோணத்துக்குத் திருப்பித்தான் ஐசிஏ பிரிக்கிறது. இரண்டு காஸியனின் புள்ளிக்கூட்டத்தைச் சமப்படுத்தினால் வட்டமாகிவிடும். வட்டத்தை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் வட்டம்தானே, எதைப் பார்த்துத் திருப்புவது?

சரி, இப்படிச் செய்து பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு அம்மாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஃபேனைத் தனியாக இன்னொரு பதிவு. கணினியில் மேலே சொன்ன நான்கு எண்களால் நீங்களே கலந்துவிட்டு ஃபாஸ்ட்ஐசிஏ-விடம் கொடுங்கள். பிரித்துவிடும். எது முதலில் வரும், எவ்வளவு சத்தமாக வரும், அலை தலைகீழாக வருமா என்று மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.