மாத்திரை கம்பெனி எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தது?

தக்கலை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பாவின் பிரஷர் மாத்திரை விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்தக் கம்பெனி கட்சிகளுக்குக் கொடுத்த பணம்தான் காரணமா? எங்கே பார்ப்பது?"

முதலில் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கம்பெனிப் பெயர்கள் இருக்கும்: தயாரித்தவர், விற்பவர். தேட வேண்டியது விற்பவரை. தயாரித்தவர் பல நேரம் கூலிக்குச் செய்துகொடுப்பவர்தான்.

தேர்தல் பத்திரம் என்பது பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க ஸ்டேட் வங்கியில் வாங்கிய பத்திரம். தேர்தல் ஆணையத் தளத்தில் 2024 மார்ச் 21 அன்று வந்த தேர்தல் பத்திரப் பட்டியல்கள் இரண்டையும் (வாங்கியவர் பட்டியல், கட்சிப் பட்டியல்) இறக்கிக்கொள்ளுங்கள். மார்ச் 14 பட்டியல் உதவாது, அதில் பத்திர எண்ணே கிடையாது. வாங்கியவர் பட்டியலில் கம்பெனிப் பெயரைத் தேடி, பத்திரத்தின் முன்னெழுத்தையும் எண்ணையும் குறித்து, கட்சிப் பட்டியலில் அதே ஜோடியைத் தேடுங்கள். எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். முன்னெழுத்து 'ஓசி' (OC) என்றால் ஒரு கோடி, 'டிஎல்' (TL) பத்து லட்சம், 'ஓஎல்' (OL) ஒரு லட்சம். டாக்டர் ரெட்டீஸ், டாரன்ட், சிப்ளா, ஹெட்ரோ எல்லாம் அதில் உண்டு. பெயர் அகப்படாவிட்டால் துணைக் கம்பெனிகளின் பெயரிலும் தேடுங்கள். 2019 ஏப்ரல் 12க்கு முந்தைய பத்திரங்கள் இதில் வராது. 15 நாளில் மாற்றாத பத்திரத்தின் பணம் பிரதமர் நிவாரண நிதிக்குப் போய்விடும். அதற்குக் கட்சி ஜோடி கிடைக்காது.

2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. அதற்குப் பிந்தைய பணத்துக்குக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தரும் 24ஏ படிவம்தான் வழி. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகள் அதில் இருக்கும். கொடுத்தவர் இடத்தில் தேர்தல் அறக்கட்டளை (பல கம்பெனிகளின் பணத்தைச் சேர்த்துக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) பெயர் நின்றால் அந்த அறக்கட்டளையின் அறிக்கைக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகும், எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று அறுதியாகச் சொல்வது கஷ்டம்.

இனி விலை. நன்கொடையையும் மாத்திரை விலையையும் நேராக முடிச்சுப் போட இந்தப் பட்டியல்கள் போதாது. மருந்து கம்பெனிக்கு அரசிடம் விலை மட்டுமா வேலை? உரிமம், தர ஆய்வு, வரிச் சோதனை என்று எத்தனையோ. பத்திரம் வாங்கிய தேதிக்கு முன்னும் பின்னும் இவற்றில் என்ன நடந்தது என்று பாருங்கள். சந்தேகிக்க அது போதும், குற்றம் சாட்டப் போதாது.

விலையைச் சரிபார்க்க 'ஃபார்மா சகி தாம்' செயலி இருக்கிறது. அம்லோடிபின் 5 மி.கி. போன்ற பிரஷர் மாத்திரைகளுக்கு மத்திய அரசின் உச்சவரம்பு விலை உண்டு. அது ஒரு மாத்திரைக்கான விலை, ஜிஎஸ்டி சேராதது. அட்டை விலையோடு அப்படியே ஒப்பிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உச்சவரம்பு இல்லாத மருந்தின் எம்ஆர்பியை 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. பழைய பில், பழைய அட்டை இரண்டையும் எடுத்துவைத்தால்தான் இதைப் பிடிக்க முடியும். மீறியிருந்தால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்கு அவற்றின் படத்தோடு புகார் அனுப்புங்கள்.