ஆர்.ஓ. தண்ணீரின் பிஎச் 6 என்று காட்டுகிறது. அப்படியென்றால் அது அமிலமா? பிஎச் குறைவாக இருந்தால் வலிமையான அமிலம் என்று பொருளா?

கேள்வியில் உள்ள நிலவரம் இது: சென்னையில் ஒரு வீடு. போர் தண்ணீரின் பிஎச் 7.8, ஆர்.ஓ.வில் வடிகட்டிய பிறகு 6. ஃபில்டர் விற்பவர் ‘தண்ணீர் அமிலமாகிவிட்டது, ஆல்கலைன் கார்ட்ரிட்ஜ் மாட்டுங்கள்’ என்கிறார். அதே வீட்டில் பிஎச் 2 சொச்சம் உள்ள எலுமிச்சைச் சாற்றை எல்லோரும் குடிக்கிறார்கள். எதை நம்புவது?

கார்ட்ரிட்ஜ் வேண்டாம். 6 என்ற எண் பொய்யில்லை, ஆனால் அந்த எண்ணிடம் அது சொல்லாத ஒன்றைக் கேட்கிறீர்கள். கரைசலில் இந்த நொடியில் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்பதை மட்டும்தான் பிஎச் சொல்லும் (7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்). அமிலம் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது, அது எந்த வகை அமிலம் என்ற இரண்டும் வேறு கேள்விகள்.

1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். லிட்டருக்கு எத்தனை மோல் (துகள்களை எண்ணும் அலகு) ஹைட்ரஜன் அயனி என்று எழுதினால் 0.000001 என்று சுழியாக நீளும். அதன் மடக்கையை (லாகரிதம்) எடுத்து, முன்னால் வரும் கழித்தல் குறியை நீக்கினால் 6. அதனால் எண் ஒன்று இறங்கினால் அயனி 10 மடங்கு ஏறும், இரண்டு இறங்கினால் 100 மடங்கு. 0.3 இறங்கினாலே இரு மடங்கு. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிக் கணக்கை மனத்திலேயே போடலாம். ‘பிஎச் 3 என்பது 6-ஐவிட இரண்டு பங்கு அமிலம்’ என்று எழுதுபவர்கள் தவறுவது இங்கேதான். அது 1000 மடங்கு.

உங்கள் தண்ணீர் 7.8-இலிருந்து 6-க்கு வந்ததால் அயனி சுமார் 63 மடங்கு ஏறியிருக்கிறது. விற்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் இதையும் சொல்லி பயமுறுத்தியிருப்பார். ஆனால் அந்த 63 மடங்கும் சேர்ந்து லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் அயனி.

இப்போது எலுமிச்சைக்கு வருவோம். சாற்றில் சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ 5 சதவீதம். பிஎச் 2.3 என்று வைத்துக்கொண்டால் தனியாகத் திரியும் அயனி லிட்டருக்கு 0.005 மோல். ஆனால் அமிலத்தை முறிக்கும் காரம் சேர்க்கச் சேர்க்க அந்த அமிலம் விட்டுக்கொடுக்கக்கூடிய மொத்தம் 0.8 மோலுக்குப் பக்கத்தில். வெளியே தெரிவதைப்போல 150 மடங்கு உள்ளே இருக்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி சாற்றை முறிக்கச் சுமார் மூன்றில் ஒரு கிராம் சமையல் சோடா வேண்டும். அதே பிஎச் 2.3 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல் 5 மில்லியை முறிக்க 2 மில்லிகிராம் போதும், ஒரு சிட்டிகைகூட இல்லை. பிஎச் காகிதத்துக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

வலிமை என்ற சொல் குழப்புவதும் இங்கேதான். பாடப்புத்தகத்தில் வலிமைமிகு அமிலம், செறிவுமிகு அமிலம் என்று தனித்தனியாகத்தான் இருக்கிறது. பேச்சில் இரண்டையும் ‘ஸ்ட்ராங்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வலிமை அமிலத்தின் குணம். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்கள் தண்ணீரில் விழுந்ததும் கிட்டத்தட்ட முழுதாக அயனிகளாகப் பிரிந்துவிடும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலில் நூற்றுக்கு ஒன்று சொச்சம் மூலக்கூறுதான் பிரியும். அதனால் முதல்வகையில் 0.1 மோலார் என்றால் பிஎச் 1, அசிட்டிக்கில் 2.9. செறிவு என்பதோ நீங்கள் எவ்வளவு கலந்தீர்கள் என்பது. வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு டாய்லெட் ஆசிட் விட்டால் அது வலிமைமிகு அமிலத்தின் நீர்த்த கரைசல். வினிகர் பேரல் முழுக்க இருந்தாலும் வலிமை குறைந்த அமிலம்தான்.

வலிமை குறைந்தது என்றால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இந்தக் கணக்கில் வலிமை குறைந்ததுதான். தோல் வழியே உள்ளே போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அது ஆளைக் கொல்லும். பிஎச் மூலம் அல்ல.

கார வரிசையில் இதே குழப்பத்துக்கு நல்ல உதாரணம் வெற்றிலைச் சுண்ணாம்பு. லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் கரையும். ‘கொஞ்சமாகக் கரைகிறது, ஆகவே வலிமை குறைந்த காரம்’ என்று தேர்வில் எழுதுகிறார்கள். கரைந்த மட்டும் முழுதாகப் பிரிந்துவிடுவதால் அது வலிமைமிகு காரம். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் 12.4. கரையாமல் கிடப்பது கையிருப்பு. கரைந்தது செலவாகச் செலவாக அடியிலிருந்து கரைந்து வரும். வெற்றிலையில் கொஞ்சம் கூடுதலாகத் தடவினால் வாய் வெந்துபோவது அதனால்தான். அம்மோனியா நேர் எதிர்: தண்ணீரில் ஏகத்துக்கும் கரையும், ஆனால் பிரிவது சொற்பம். அதன் 0.1 மோலார் கரைசல் 11.1-இல் நின்றுவிடும், காஸ்டிக் சோடா 13.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த சங்குப்பூ கிடைக்கும். பத்துப் பூவை 100 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் நீல நிறங்காட்டி, அதாவது அமிலம், காரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம், தயார். எலுமிச்சையில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, சோடாவில் நீலப்பச்சை, சுண்ணாம்பு நீரில் பச்சை கடந்து மஞ்சள் பக்கம் போகும். எலுமிச்சைச் சாற்றைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பாருங்கள், நிறம் அதிகம் நகராது. வலிமை குறைந்த அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் பிஎச் ஏறக்குறைய 0.5 தான் ஏறும், ஏனென்றால் நீர்க்க நீர்க்கப் பிரியாமல் இருந்த மூலக்கூறுகளில் கூடுதலாகச் சில பிரியும். வலிமைமிகு அமிலத்தில் சரியாக 1 ஏறும். மஞ்சளும் நிறங்காட்டிதான், ஆரத்தித் தண்ணீர் சிவப்பது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால். ஆனால் மஞ்சள் கார பக்கம் வந்த பிறகே நிறம் மாறும் என்பதால் எலுமிச்சைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் காட்டாது.

நிறங்காட்டித் தேர்வு தவறினால் பிளஸ் டூ தரம் பார்த்தலும் (காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பது) கெடும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக், 0.1 மோலார் அசிட்டிக், இரண்டிலும் 10 மில்லி எடுத்தால் இரண்டுக்குமே 0.1 மோலார் காஸ்டிக் சோடா 10 மில்லிதான் ஆகும். கையிருப்பு சமம். ஆனால் முடிவுப்புள்ளியின் பிஎச் முதலாவதில் 7, இரண்டாவதில் 8.7. அசிட்டிக்கில் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை விட்டால் சுமார் 3 மில்லியிலேயே மஞ்சளாகிவிடும், அதுவும் படிப்படியாக மங்கி. பியூரெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அங்கே பினாப்தலீன் போட்டிருக்க வேண்டும்.

மறுபடி ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீரில் பைகார்பனேட்டும் கரைந்த கார்பன் டைஆக்சைடும் சேர்ந்தே இருக்கும். பைகார்பனேட் அயனியைச் சவ்வு தடுத்துவிடும், கார்பன் டைஆக்சைடு வாயு என்பதால் நழுவி வந்துவிடும். முறிக்கிற ஆள் போய், அமிலம் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் பிஎச் இறங்குகிறது. டபரா டம்ளரில் காபி ஆற்றுவதுபோலப் பத்துத் தடவை ஆற்றிவிட்டுப் பாருங்கள், வாயு வெளியேறி எண் கொஞ்சம் ஏறும். ஒரு டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா விழுந்தாலே 7-ஐத் தாண்டிவிடும். ஆல்கலைன் கார்ட்ரிட்ஜ் 9 காட்டுவதில் அதிசயம் இல்லாததும் அதனால்தான்: எதிர்த்து நிற்க எதுவுமில்லாத தண்ணீரில் கொஞ்சம் கனிமம் கரைந்தாலே எண் துள்ளும். வயிற்றில் பிஎச் 1.5 முதல் 3.5 வரை உள்ள அமிலம் அதை அப்போதே முறித்துவிடும். ரத்தத்தை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிறுத்தி வைப்பவை நுரையீரலும் சிறுநீரகமும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 சொல்வது 6.5 முதல் 8.5 வரை. 6 அதற்கு வெளியே இருக்கிறதே என்றால், அந்த வரம்பில் முக்கியமான கவலை குழாய் அரிப்பு. ஆகவே கவனிக்க வேண்டியது பாத்திரம். இந்தத் தண்ணீரைச் செம்புக் குடத்தில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், எவர்சில்வர் போதும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்கரைசல் வைத்தால் களிம்பு ஏறுவதும் இதே வேதியியல்தான், வேகம்தான் கூடுதல். எண்ணை ஏற்றியே ஆக வேண்டுமென்றால் மெஷினில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) திருகைக் கொஞ்சம் திறந்து மூலத் தண்ணீரைக் கலக்கலாம், அந்தத் தண்ணீர் கிருமி, நைட்ரேட் சோதனையில் தேறியிருந்தால் மட்டும்.

அதற்கும் முன்னால் அந்த 6 உண்மையான 6-தானா என்று பாருங்கள். காகிதப் பட்டையில் உள்ள சாயமே ஓர் அமிலம் அல்லது காரம். உப்பில்லாத தண்ணீரில் சாயமே பிஎச்சை நகர்த்திவிடும். பேனா மீட்டர் என்றால் 6.86 பஃபரில் (பிஎச் மாறாமல் நிற்கும் கரைசல்) முதலில், பிறகு 4-இல் சரிசெய்யுங்கள். பஃபர் பொட்டலத் தூளைக் காய்ச்சி வடித்த நீரில்தான் கரைக்க வேண்டும், கேன் வாட்டரில் அல்ல. முனையைத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் எண் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அலைகிறதே என்று முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் மூடியில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு விட்டு வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் சில வாரங்களில் முனை மந்தமாகும்.

மே மாதத்தில் அளந்தால் இன்னொன்று: நடுநிலை 7 என்பது 25 டிகிரியில் மட்டும். 35 டிகிரியில் சுத்தமான தண்ணீரின் நடுநிலையே 6.84. மீட்டரில் உள்ள தானியங்கி வெப்பத் திருத்தம் முனையின் மின்னழுத்தத்தைத்தான் திருத்தும், தண்ணீரின் இந்த மாற்றத்தை அல்ல. அதனால் வெயிலில் நின்ற டேங்க் தண்ணீர் 6.9 காட்டினால் அதை அமிலம் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.