மாநாடுகளுக்குப் போயும் எடிட்டிங் வேலை வரவில்லை என்றால்

மாநாடுகளுக்குப் போய்ப் பலரைச் சந்தித்தும் புத்தக எடிட்டிங் வேலை எதுவும் வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாநாட்டுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் விசிட்டிங் கார்டுகளில் நான்கைந்து பேருக்கு இந்த வாரமே தனித்தனியாக மெயில் எழுதுங்கள். பேசிய விஷயத்தை ஒரு வரியில் நினைவூட்டி, நீங்கள் எந்த வகைப் பிரதியில் என்ன வேலை செய்வீர்கள் என்பதை அடுத்த வரியில் சொன்னால் போதும்.

"எல்லாரிடமும் எடிட்டர் என்றுதான் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை வராததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். மெய்ப்புப் பார்ப்பது (அச்சுக்கு முன் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது), மொழியைச் செம்மை செய்வது, நாவலின் கட்டமைப்பையே மாற்றச் சொல்வது மூன்றும் வேறுவேறு வேலைகள், கூலியும் வேறு. எதற்கு உங்களைக் கூப்பிடுவது என்று தெரியாதவர் கூப்பிட மாட்டார்.

சோதித்துப் பாருங்கள்: அங்கே சந்தித்த ஒருவரிடம், "நான் என்ன வேலை செய்கிறேன் என்று நினைவிருக்கிறதா?" என்று கேளுங்கள். தடுமாறினால் அறிமுக வாக்கியத்தை மாற்றுங்கள். "வரலாற்று நூல்களுக்கு மெய்ப்பும் பார்க்கிறேன், சொல்லடைவும் (நூலின் கடைசியில் வரும் சொற்பட்டியல்) தயாரிக்கிறேன்" என்பதுபோல.

ஒரு எச்சரிக்கை. எல்லா நிகழ்வும் இதற்கு உதவாது. ஜெர்மனியில் நடக்கும் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி போன்றவற்றுக்கு வருகிறவர்களில் பலர் பதிப்புரிமை வாங்க, விற்க முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்கள். ஃப்ரீலான்ஸ் எடிட்டருக்கு அங்கே நேரம் கிடைப்பது கடினம். சிறு பயிலரங்குகளையே நான் பரிந்துரைப்பேன். அங்கே எல்லாரும் சேர்ந்து ஒரே பிரதியைத் திருத்தும்போது உங்கள் கைத்திறனைச் சக எடிட்டர்கள் நேரில் பார்க்கிறார்கள். தங்களால் எடுக்க முடியாத வேலையை உங்களிடம் அனுப்பக்கூடியவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக ஒன்று: திறமையைக் காட்டுவதாக நினைத்து, அவர்களாகக் கேட்காமல் யாருடைய நூலிலும் பிழைகளைக் குறித்து அனுப்பிவிடாதீர்கள்.