கட்டிப்பிடித்து அழுதால் வளர்ந்துவிட்டாளா?

கேள்வி: பதினாறு வயதுப் பெண்ணை வைத்து நாவல் எழுதுகிறேன். கதை முழுக்க அம்மாவோடு மல்லுக்கு நிற்பவள், கடைசி அத்தியாயத்தில் அம்மாவின் கஷ்டம் புரிந்து கட்டிப்பிடித்து அழுகிறாள். படித்த தோழி, "திடீர்னு நல்ல பிள்ளை ஆயிட்டாளே!" என்று சிரிக்கிறாள். எங்கே தப்பு?

பதில்: தோழி சிரித்தது நியாயம்தான். அம்மா பட்ட பாட்டையெல்லாம் யாரோ ஒரு அத்தை உட்கார்ந்து விளக்கும் காட்சி உங்கள் நாவலில் இருக்குமென்று ஊகிக்கிறேன். இருந்தால் முதலில் அதை வெட்டுங்கள். அதில் அவளுக்குத் தகவல் கிடைக்கிறதே தவிர, அவளாக எதையும் கண்டுகொள்வதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1860-61இல் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், லண்டனில் கனவானாக வாழும் பிப்பைப் பார்க்க, அவனை வளர்த்த கொல்லர் ஜோ வருகிறார். அக்காவின் கணவர். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்படுப்பின் மேல்தட்டில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. அவனையே 'சார்' என்கிறார். பிப்புக்கு எரிச்சல், கூச்சம். ஆனால் கதையைச் சொல்வது வயதான பிப். 'தப்பு என் மேல்தான், நான் சகஜமாக இருந்திருந்தால் ஜோவும் சகஜமாக இருந்திருப்பார்' என்று அவன் சொல்லிவிடுகிறான். அன்று ஜோவின் அசட்டுத்தனமாகப்பட்டது, இப்போது அவருடைய தவிப்பாகத் தெரிகிறது. அவன் வளர்ந்திருக்கிறான் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

உங்கள் கதைக்கும் அப்படி ஒரு தொப்பி வேண்டும். சில போன் அழைப்புகள் வந்தால் மட்டும் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'எதையோ மறைக்கிறாள்' என்று மகளுக்குக் கோபம். பல அத்தியாயங்கள் கழித்து, யாரிடமோ கைமாற்று கேட்க வேண்டிய நிலை மகளுக்கே வருகிறது. பேச ஆரம்பித்தால் அதே தாழ்ந்த குரல் அவள் தொண்டையிலிருந்து வருகிறது. அங்கே நிறுத்திவிடுங்கள், விளக்கம் எழுதக் கை அரிக்கும், எழுதாதீர்கள்.

அப்புறம், புரிந்துகொண்டுவிட்டாள் என்பதற்காக அவள் கோபத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். அம்மா மேலும் தப்பு இருக்கலாம்; அதை அவள் தாராளமாகக் கேட்கட்டும். அடுத்த சண்டையையும் எழுதுங்கள். ஆனால் இந்தத் தடவை, எந்த வார்த்தையைச் சொன்னால் அம்மா சுருண்டுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அது நாக்கு நுனி வரை வந்தும் சொல்லாமல், வேறு எதையாவது சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போகட்டும். அழுகை வேண்டுமா என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.