மரபணுத் திருத்த இலக்கைத் தேர்வு செய்ய எந்த மென்பொருளை நம்பலாம்?

மென்பொருள் அதிக மதிப்பெண் கொடுத்த வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை (காஸ்9 என்ற வெட்டும் புரதத்தை டி.என்.ஏ.வில் வேண்டிய இடத்துக்குக் கூட்டிச்செல்லும் மூலக்கூறு) அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. காரைக்குடியில் முதுநிலை படித்தபோது பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

எங்கள் செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் இனிப்பாகப் பரிமாறப்படும் கவுனி அரிசியின் பயிர் உயரமாக வளர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் காற்றுக்குச் சாய்ந்துவிடும். எஸ்டி1 மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் பயிர் குட்டையாகும் (ஐஆர்8 நெல்லின் குட்டைத்தன்மையும் இதே மரபணுவின் பழுதால் வந்ததுதான்) என்று எண்ணி, வழிகாட்டிகளைத் தேடித்தரும் கிரிஸ்போர் இணையதளத்தில் அதன் வரிசையை இட்டு, 20 டி.என்.ஏ. எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி) கொண்ட இலக்குகளின் பட்டியலில் முதலில் நின்றதைத் தேர்ந்தெடுத்தேன். கவுனி இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் அந்தப் பகுதியை பிசிஆர் மூலம் பெருக்கி, சோதனைக் குழாயில் வழிகாட்டியோடும் காஸ்9 புரதத்தோடும் சேர்த்துப் பார்த்தேன். டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு துண்டுகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே பட்டை அசையாமல் நின்றது.

வரிசைப்படுத்திய பிறகே காரணம் புரிந்தது. தளத்தில் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த மேற்கோள் வரிசை நிப்போன்பாரே என்ற ஜப்பானிய நெல்லுடையது. காஸ்9 இலக்கை அடையாளம் காண, அதை அடுத்து ஏதேனும் ஓர் எழுத்தும் இரண்டு 'ஜி'யும் இருக்க வேண்டும். கவுனியில் அந்த இரண்டில் ஒன்று 'டி'யாக இருந்தது. மென்பொருள் தவறு செய்யவில்லை, வேறொரு நெல்லுக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தது.

ஆகவே முதலில் உங்கள் இரகத்தையே வரிசைப்படுத்தி, அதைத்தான் கிரிஸ்போரிலோ சாப்சாப்பிலோ இடுங்கள். செயல்திறன் மதிப்பெண்களில் பெரும்பாலானவை மனித, எலி உயிரணுத் தரவுகளில் பயிற்றப்பட்டவை என்பதால், பயிருக்கு அவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை. பிற இடங்களில் வெட்டு விழும் வாய்ப்பைக் காஸ்-ஆஃப்ஃபைண்டரில் மூன்று, நான்கு எழுத்துப் பிழைகள் வரை அனுமதித்துத் தேடுங்கள். அப்போது பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அவை எந்த முனையில் விழுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் 'ஜி' இணைக்குத் தொலைவில் இருக்கும் பிழைகளைக் காஸ்9 பல நேரம் பொறுத்துக்கொண்டு வெட்டிவிடும். நான்கு 'டி' தொடர்ந்து வரும் வழிகாட்டியையும் விலக்குங்கள். வழிகாட்டியை உயிரணுவுக்குள் உருவாக்கப் பயன்படும் யு6, யு3 முன்னியக்கிகளில் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதிகள்) படியெடுப்பு அங்கேயே நின்றுவிடும். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்ற நினைத்தால், 2019இல் வந்த பிரைம் எடிட்டிங் முறைக்குப் பிரைம்டிசைன் என்ற தனிக் கருவி இருக்கிறது.

இரண்டாம் முறை நான் எடுத்த வழிகாட்டி பட்டியலில் ஏழாவதாக இருந்தது. ஜெல்லில் இரண்டு பட்டைகளும் தெளிவாகத் தெரிந்தன.